குட்டைக்கரையில் ஊற்றிய தண்ணீர்

எனக்கு நீளமாக எழுத வராது. எட்டாம் வகுப்போடு சரி. போன வாரம், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும் வீட்டுக்கு வந்து, வேலையைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். அன்றைக்கு வாய் வரவில்லை. காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

சாதித்ததைச் சொல்ல ஆபீசில் நிறைய பேர் உண்டு. நான் ஒரு தப்பைச் சொல்கிறேன். என் தப்பு. அதை வைத்துக்கொண்டு ஒரு சின்ன வயதுப் பெண் என்ன செய்தார் என்றும் சொல்கிறேன்.

நம் குழாய் கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசலுக்குள் போகிறது. குடிதண்ணீர்க் குழாய். இரும்பு. மேலே பூச்சு உண்டு. ஆனால் கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். பூச்சைப் பிடித்து இழுத்துக் கிழிக்கும். கிழிந்த இடத்தில் இரும்பு அரிக்கும். அதற்குத்தான் பக்கத்தில் மெக்னீசியம் கட்டியை மூட்டையோடு புதைத்து, கம்பி போட்டுக் குழாயோடு இணைத்திருக்கிறோம். மண் முதலில் அதைத் தின்னும். குழாய் தப்பிக்கும். கட்டி கரைந்ததும் வேறு கட்டி வைப்போம்.

கட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க மாதம் ஒருமுறை, குழாய்ப் பாதையில் நட்ட கம்பம் கம்பமாகப் போய் மீட்டர் பிடிப்போம். மீட்டரின் ஒரு முனை குழாய்க் கம்பியில். மறுமுனை மயில்துத்தத் தண்ணீர் ஊற்றிய ஒரு குப்பியில். செல் என்போம். அந்தச் செல்லைத் தரையில் ஊன்றுவோம். எண்ணூற்று ஐம்பது மில்லிவோல்ட்டும் அதற்கு மேலும் வந்தால் குழாய்க்குக் காவல் இருக்கிறது. கீழே வந்தால் இல்லை. இது உங்களுக்கு வகுப்பிலேயே சொல்லியிருப்பார்கள்.

தரை காய்ந்திருந்தால் செல்லு ஊன்றுகிற இடத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் விடலாம். அது முறைதான். நான் செய்தது அது இல்லை.

ஒரு சித்திரையில் என் நோட்டை அப்போதிருந்த ஆபீசர் பார்த்தார். பதினைந்தாம் கம்பம் எழுநூறு, பதினாறாம் கம்பம் அறுநூற்று எண்பது. நோட்டை மேசையில் விட்டெறிந்தார்.

"நல்ல நம்பர் எடுக்கத் தெரியாதா உமக்கு? பக்கத்து லைன்காரன் தொள்ளாயிரம் கொண்டு வாரான். நீரு என்ன, தூங்குதீரா?"

நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எதிர்த்துப் பேசிப் பழக்கம் இல்லை.

அந்த இரண்டு கம்பங்களுக்கும் நடுவில், ஓடை ஓரத்தில், அந்த வருஷம்தான் ஒரு பண்ணைக்குட்டை வெட்டியிருந்தார்கள். கோடையிலும் அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடக்கும். அடுத்த மாதம் நான் ஒரு வாளி கொண்டு போனேன். கட்டி புதைத்த இடத்துக்கு மேலே கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. குட்டையில் மொண்டு அதற்குள் ஊற்றினேன். கரிசல் வெடிப்பில் ஊற்றினால் தண்ணீர் பரவாது. நேரே அடிக்குப் போகும். நாலு வாளி. மறுநாள் காலையில் மீட்டர் பிடித்தேன். தொள்ளாயிரத்து இருபது.

எனக்கு அது பொய்யாகப் படவில்லை. வாடின செடிக்கு ஊற்றுவதுபோல ஊற்றினேன். நிமிர்ந்துவிட்டது என்று நினைத்தேன். ஆபீசரும் சந்தோஷப்பட்டார். மற்ற கம்பங்களுக்குத் தண்ணீர் சுமந்து போக முடியாது. அவற்றை உள்ளபடி எழுதினேன். இந்த இரண்டுக்கு மட்டும் ஊற்றினேன். ஆறு கோடை ஊற்றினேன்.

பிறகு அந்த ஆபீசர் மாறிப் போனார். புது இன்ஜினியராக ஒரு பெண் வந்தார். நாகலாபுரம் பக்கம், மானாவாரி விவசாயக் குடும்பம். என் மகளைவிட வயது குறைவு. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு எங்களோடு சைக்கிள் போகாத இடத்துக்கும் நடந்து வருவார். நாங்கள் மேடம் என்போம். அவர் என்னை அண்ணாச்சி என்பார். வந்து ஒன்பது மாதம்தான். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

அந்தச் சித்திரையில் எங்கள் லைனில் ஒரு இடத்தில் குழாய் பொத்துக்கொண்டது. அடைத்தோம். தோண்டின இடத்தில் பார்த்தால் இரும்பு அம்மைத் தழும்புபோலக் குழி குழியாக இருந்தது. இன்னும் எங்கெங்கே இப்படியோ என்று மேடத்துக்குக் கவலை. அதற்குள் கடைசி ஊரில் அம்மன் கோவில் கொடைத் திருவிழா வந்துவிட்டது. கொடை என்றால் அந்த ஊருக்கு வெளியூரில் இருக்கிற பிள்ளைகள், மருமக்கள் எல்லாம் வந்து இறங்குவார்கள். மூன்று நாளும் தண்ணீர் கூடுதலாக வேண்டும். கூடுதலாகத் தள்ளினால் குழாயில் அழுத்தம் கூடும். பலவீனமான இடம் இருந்தால் அப்போதுதான் போகும். கொடை நடுவில் போனால் அந்த ஊரும் வழியில் உள்ள ஊர்களும் தண்ணீர் இல்லாமல் கிடக்கும்.

பெரிய ஆபீசர் ஒரே ஒரு நாள் லைனை நிறுத்த அனுமதி கொடுத்தார். காலை ஆறு முதல் சாயங்காலம் ஆறு வரை. கொடைக்கு முந்தின நாள். அதற்குள் மோசமான இடத்தைத் தோண்டிப் பார்த்து, தகடு வைத்து வெல்டிங் செய்து மூடிவிட வேண்டும்.

அதற்கு முந்தின நாள் காலையில் ஆபீசில் உட்கார்ந்தோம். மேடம், நான், குழி வெட்டுகிற காண்ட்ராக்டர். மேடம் என் நோட்டை விரித்து வைத்து, குறைந்த நம்பர் உள்ள கம்பங்களைப் பென்சிலால் குறித்தார். மூன்று இடம். பெரிய ஆபீசர் கையெழுத்துப் போட்ட பேப்பரிலும் அதே மூன்றுதான். பதினைந்துக்கும் பதினாறுக்கும் வந்தபோது பென்சில் நிற்கவில்லை.

"இங்கன குட்டை ஈரம் இருக்கு. கோடையிலயும் தொள்ளாயிரம் நிக்கி. பயமில்ல" என்று பக்கத்தைப் புரட்டினார்.

அந்தப் பக்கம் புரண்ட சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது.

"மேடம்" என்றேன். "அது என் நம்பர் இல்ல. குட்டைத் தண்ணி நம்பர்."

"புரியலையே அண்ணாச்சி."

சொன்னேன். வாளி, வெடிப்பு, ஆறு கோடை. எல்லாம் சொல்லி முடிக்க நாலு வாக்கியம்கூட ஆகவில்லை.

காண்ட்ராக்டர் சிரித்துவிட்டார். "ஏ அண்ணாச்சி! குழாய்க்குள்ள ஓடுததே தண்ணிதான். அதுக்கு மேல நீரு வேற ஊத்துனீரா?"

மேடம் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. என்னை நேராகப் பார்த்தார்.

"எத்தனை வாளி?"

"நாலு. சில மாசம் அஞ்சு."

"மீட்டர் பிடிக்கதுக்கு எவ்வளவு நேரம் முன்ன?"

"முந்தின நாள் சாயங்காலம்."

"இந்த மாசம் ஊத்துனீங்களா?"

"இன்னும் இல்ல மேடம்."

"அப்ப எந்திரிங்க. போவோம்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

உச்சி வெயிலில் போய் மீட்டர் பிடித்தோம். செல்லுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் மட்டும். பதினைந்து, அறுநூற்று முப்பது. பதினாறு, ஐந்நூற்று எண்பது. லைன் முழுக்க அதுதான் குறைவு. மேடம் நோட்டில் எழுதினார்.

திரும்பி வரும்போது ஒன்று மட்டும் சொன்னார். "ஊத்துனது பெரிய தப்பில்ல அண்ணாச்சி. ஊத்துனதை எழுதாமப் போனீங்க பாருங்க, அதான்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு வால்வை அடைத்தோம். பதினாறாம் கம்பத்தில் இறங்கச் சொன்னார் மேடம். காண்ட்ராக்டருக்கு இஷ்டமில்லை.

"பேப்பர்ல மூணு இடம் போட்டுருக்கு. பெரிய ஆபீசர் அதுக்குத்தான கையெழுத்துப் போட்டிருக்காரு. நாளைக்கு ஒண்ணுன்னா உங்க பேருதான் வரும் மேடம். நமக்கென்ன, எங்க வெட்டச் சொன்னாலும் வெட்டுதோம்."

"இங்கன வெட்டுங்க."

வெட்டினோம். மேலே இயந்திரம், கடைசி முழம் மண்வெட்டி. பத்தரை மணிக்குக் குழாய் தெரிந்தது. நான்தான் இறங்கிக் கையால் மண்ணைத் தள்ளினேன்.

சுத்தமாக இருந்தது. பூச்சில் கீறல் இல்லை. சுற்றித் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. மெக்னீசியம் மூட்டையைப் பார்த்தால், மண் சுருங்கி அதைச் சுற்றி ஒரு கை நுழைகிற இடைவெளி. மண் தொடாத கட்டி எப்படி வேலை செய்யும்? அதனால் நம்பர் குறைவு. ஆனால் குழாய் நன்றாக இருக்கிறது.

காண்ட்ராக்டர் மேலே நின்று வெற்றிலையைத் துப்பினார். "பாத்தியளா? நாலரை மணி நேரம் போச்சு. இப்ப ஓடுனா பேப்பர்ல உள்ள ஒரு இடத்தையாவது முடிச்சிரலாம். என்ன மேடம்?"

வெல்டரும் மேடத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த நேரம் போன் வேறு வந்தது. பெரிய ஆபீசர். சத்தம் எங்களுக்கே கேட்டது. யாரைக் கேட்டு இடத்தை மாத்துனே, எவன் சொன்னான் என்று கேட்டார். மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான் சார் மாத்துனேன். ஒன்பது மாசமா அந்த நம்பருக்குக் கீழ கையெழுத்துப் போட்டதும் நான்தான். சாயங்காலம் வந்து சொல்லுதேன் சார்" என்று வைத்துவிட்டார்.

என் பேரை அங்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் பொய்யும் இல்லை.

பிறகு குழியின் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். இன்னும் ஏழரை மணி நேரம் இருக்கிறது. பேப்பரில் உள்ள இடத்துக்குப் போனால் யாரும் குறை சொல்ல முடியாது. இங்கேயே நின்று ஒன்றும் கிடைக்காவிட்டால் வேலை போகலாம். எனக்குத் தெரிந்த ஆபீசர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஜீப்பில் ஏறியிருப்பார்கள். நானும் ஏறியிருப்பேன்.

"அண்ணாச்சி, தண்ணி எங்க மொண்டீங்க?" என்றார் திடீரென்று.

"அந்தா, குட்டையில."

"குட்டை எப்ப வெட்டுனது?"

"நான் ஊத்த ஆரம்பிச்ச வருசந்தான். தண்ணி கைக்கெட்டுன பிறவுதான் எனக்கு அந்தப் புத்தியே வந்துச்சு."

"குழாய் போட்டது அதுக்கு முந்தி."

"ஆமா, ரொம்ப முந்தி."

எழுந்து குட்டையைப் பார்த்தார். பதினாறாம் கம்பத்திலிருந்து எண்பது அடி தூரம் இருக்கும். குட்டையின் கரை குழாய்ப் பாதைக்கு ஒட்டி வருகிறது.

"எங்க வீட்டுல குளிக்கிற தண்ணி ஒரு பக்கமாத்தான் விழும். அந்தப் பக்கச் சுவரு மட்டும் வருசா வருசம் வெடிக்கும். எங்கப்பாவும் பூசிப் பூசிப் பாத்தாரு. மத்த மூணு சுவரும் அப்படியே நிக்கும்" என்றார். "மண்ணு முழுசாக் காஞ்சாலும் தாங்கும். முழுசா நனைஞ்சாலும் தாங்கும். பாதி ஈரம், பாதி காய்ச்சல்னா பிடுங்கிரும். குட்டை நிறையும்போது ஒருக்க, வத்தும்போது ஒருக்க, ஆறு வருசமா அந்தக் கரையில மண்ணு இழுத்திருக்கும்."

கரிசலில் பிறந்த யாருக்கும் அது தெரிந்த விஷயம்தான். எனக்கும் தெரியும். என் வீட்டிலும் அப்படித்தான் வெடிக்கும். ஆனால் சுவரையும் குழாயையும் சேர்த்து நான் நினைத்ததில்லை. ஆறு வருஷம் அந்தக் கரையில் நின்று தண்ணீர் மொண்டும் நினைத்ததில்லை.

கம்பத்தில் நீளக் கம்பியை மாட்டினார். நான் செல்லைத் தூக்கிக்கொண்டு குழாய்க்கு மேலே நடந்தேன். அடிக்கு ஒரு இடத்தில் ஊன்ற வேண்டும். ஒரு சொட்டு ஈரம். அவர் மீட்டரைப் பார்த்துச் சத்தம் போட்டுச் சொல்வார்.

"ஐந்நூத்தி எண்பது. வாங்க. எழுபத்தஞ்சு. வாங்க."

காண்ட்ராக்டர் மரத்தடியில் ஆட்களோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சியும் மேடமும் பூமிக்கு நாடி பிடிக்காவ" என்றார். ஆட்கள் சிரித்தார்கள்.

"ஐந்நூத்தி நாப்பது. வாங்க அண்ணாச்சி, வாங்க. ஐந்நூறு. நானூத்தி எழுபது."

சிரிப்பு நின்றது.

குட்டைக் கரை தொடங்குகிற இடத்தில் நானூற்று முப்பது. அதைத் தாண்டினால் மறுபடி ஏறியது. திரும்பி வந்து மூன்று தடவை பார்த்தார். மூன்று தடவையும் அதே இடம். செருப்புக் காலால் ஒரு கோடு கிழித்தார்.

"இங்கன வெட்டுங்க. இயந்திரம் வேண்டாம். பாதிக்கு மேல கையாலதான்."

காண்ட்ராக்டர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். ஆளை ஏவாமல் அவரே மண்வெட்டியை எடுத்தார். அவரும் வேலைக்காரர்தான். வாய்தான் கொஞ்சம் நீளம்.

இரண்டு மணிக்குக் குழாய் தெரிந்தது. பூச்சு அங்கே இல்லை. வாழைச் சருகுபோலக் கிழிந்து மண்ணோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே இரும்பு சிவப்பாக, உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம். ஒரு ஆள் சுரண்டிப் பார்க்கக் கம்பியை எடுத்தான்.

"தொடாதீங்க!" என்றார் மேடம். அன்றைக்கு அவர் சத்தம் போட்டது அந்த ஒரு தடவைதான்.

குழிக்குள் இறங்கி வந்தார். பெருவிரலை வைத்து மெல்ல அழுத்தினார். இரும்பு உள்ளே போனது. பழுத்த பழத்தை அழுத்தினால் போவதுபோல. குழாயில் தண்ணீர் இல்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை. நாளைக்குக் கொடைக்கு அழுத்தம் கூட்டியிருந்தால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. காண்ட்ராக்டர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"பேப்பர்ல மூணு இடமும் போனா போவுது மேடம்" என்றார். "தகட்டை எடுத்துட்டு வரட்டா?"

வெல்டர் சுற்றிலும் நல்ல இரும்பு வருகிற வரைக்கும் தேய்த்து, பெரிய தகடாக வைத்து ஒட்ட ஆரம்பித்தார். எங்களுக்கு அதில் வேலை இல்லை. மேடம் புளிச்சோற்றைக் கையில் வைத்து நின்றபடியே சாப்பிட்டார். பிறகு நோட்டை என்னிடம் நீட்டினார்.

"அண்ணாச்சி, வெல்டிங் முடியுததுக்குள்ள நீங்க ஒரு வேலை பாக்கணும். ஊத்தி எடுத்த நம்பர் எது எதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொண்ணுக்கும் நேரா எழுதுங்க. நாளைக்கு இதைப் படிக்கவனுக்குத் தெரியணும்."

"என்னன்னு எழுத மேடம்?"

"நீங்க என்ன செஞ்சீங்களோ அது."

வேலிக்கருவை நிழலில் உட்கார்ந்து எழுதினேன். 'தண்ணீர் ஊற்றி எடுத்தது. நம்ப வேண்டாம்.' கீழே கையெழுத்து. ஒவ்வொரு கோடை மாதத்துக்கும். அத்தனை தடவை என் பேரை நான் ஒரே நாளில் எழுதினதில்லை. முதல் நாலைந்து எழுதும்போது அவமானமாக இருந்தது. பிறகு கை பழகிவிட்டது. கடைசியில் பார்த்தால், அவரும் தான் கையெழுத்துப் போட்ட மாதங்களுக்குப் பக்கத்தில் 'சரிபார்க்காமல் ஒப்பமிட்டேன்' என்று எழுதியிருந்தார். அதை நான் எழுதச் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை.

தகடு ஒட்டி, புதுப் பூச்சுச் சுற்றி, புது மூட்டை வைத்தோம். இந்தத் தடவை மூட்டையைச் சுற்றி மண்ணை நனைத்து நனைத்து மிதித்து இறுக்கினோம். ஐந்தே முக்காலுக்கு வால்வைத் திறந்தோம். குழாயில் காது வைத்துக் கேட்டேன். தண்ணீர் வருகிற சத்தம் கேட்டது. தகட்டில் ஒரு கசிவும் இல்லை.

பெரிய ஆபீசரிடம் போக வேண்டும். ஆனால் மேடம் ஜீப்பை ஆபீசுக்கு விடச் சொல்லவில்லை. கடைசி ஊருக்கு விடச் சொன்னார்.

"தண்ணி அங்க போய்ச் சேந்துச்சான்னு பாக்காம நான் என்னத்தைச் சொல்ல?" என்றார்.

ஊருக்குள் பந்தல் போட்டு, வாழை கட்டி, மைக் செட் கட்டிக்கொண்டிருந்தார்கள். தெருக்குழாயில் குடங்கள் வரிசையாக நின்றன. பெண்கள் கோபத்தில் இருந்தார்கள். காலையிலிருந்து தண்ணீர் இல்லை. வீட்டில் விருந்தாள்.

முதலில் குழாய் காற்றைத்தான் துப்பியது. புஸ் என்று. பிறகு கரிசல் கலங்கல். ஒரு அக்கா குடத்தை ஓங்கித் தரையில் வைத்தாள்.

"கொடைக்கு முத நாளு பாத்துத் தண்ணிய நிறுத்துதானுவளே, இவனுவ விளங்குவானுவளா? நாசமாப் போறவனுவ! நாளைக்குச் சாமி கேக்கும், பாத்துக்கிடுங்க!"

நான் ஒரு அடி பின்னால் தள்ளி நின்றுகொண்டேன். மேடம் நகரவில்லை. முழங்கை வரைக்கும் சகதி. தலையில் துண்டு.

"ஆமாக்கா" என்றார்.

கலங்கல் தெளிந்தது. தெளிந்த தண்ணீர் குடத்தில் விழுந்தது. நல்ல வேகம். மேடம் குனிந்து கையில் பிடித்து முகர்ந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார். அதற்குப் பிறகுதான் அவர் தோள் கொஞ்சம் இறங்கினதைப் பார்த்தேன். காலையிலிருந்து அப்படியே விறைத்து நின்றிருக்கிறார்.

அந்த அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ யாரு வீட்டுப் பிள்ளை தாயி? சகதியா நிக்க. கொடைக்கு வந்தியா?"

"கொடைக்குத்தான்க்கா."

"அப்பச் சும்மா நிக்காத. இந்தா, இந்தக் குடத்தைத் தூக்கி வுடு."

மேடம் தூக்கி விட்டார். அடுத்த குடத்துக்கும் குனிந்தார்.